வெயில் விழும் அறைக்கு எந்தச் செடி?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், அருவிக் குளியல் முடித்து ஊர் திரும்புவோரில் பலர் கையில் ஒரு செடியோடு திரும்புகின்றனர். ஆந்தூரியம், பெரணி, கலேடியம், இலையில் வெள்ளைத் தெளிப்பு விழுந்த டிஃபன்பேக்கியா என்று கண்ணைப் பறிக்கும் செடிகளைக் கண்டால் ஒன்றாவது வாங்காமல் வர மனம் வருவதில்லை. வீட்டுக்கு வந்ததும் அச்செடி நல்ல வெளிச்சமுள்ள அறையில், ஜன்னலை ஒட்டி வைக்கப்படுகிறது. செடி என்றால் வெயில் வேண்டும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். சில நாட்களில் இலைகள் வெளிறுகின்றன. பிறகு காகிதம்போல் உலர்கின்றன. ஒரு மாதத்தில் தொட்டி காலியாகிவிடுகிறது. ‘எனக்குக் கைராசி இல்லை’ என்று வீட்டுப் பெண்கள் தங்களையே நொந்துகொள்வதும் உண்டு. கைராசிக்கும் இதற்கும் தொடர்பு ஏதும் இல்லை. நிழலில் பிறந்து நிழலில் வளர்ந்த செடியை வெயிலில் வைத்ததனால் வந்த இழப்பு இது.

வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் இந்த இழப்பு ஏற்படுவதில்லை. செங்கோட்டை, தென்காசி, இலஞ்சி, பண்பொழி ஆகிய ஊர்களில் வசிப்போரின் வீடுகளிலும் இதே கதைதான், சற்றுத் தாமதமாக நடக்கிறது. ஆடியில் தளதளவென்று இருந்த செடி புரட்டாசியில் கருகிப்போகிறது. ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால், வெயில் விழும் அறையில் என்ன வைக்கலாம், என்ன வைக்கக்கூடாது என்பதைத் தாங்களாகவே முடிவு செய்துகொள்ளலாம்.

சாரலும் வெயிலும்

செங்கோட்டைக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரியங்காவுக் கணவாய் உள்ளது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடைவெளியின் வழியே நுழைந்து, மலையடிவார ஊர்களுக்குச் சாரலையும் மேக மூட்டத்தையும் கொண்டுவருகிறது. குற்றாலத்தின் செழுமைக்கு இதுவே ஆதாரம். ஆங்கிலக் கம்பெனியார் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாதிக்காய், கிராம்பு போன்ற வாசனைப் பயிர்களை வளர்த்துப் பார்க்கக் குற்றாலத்தைத் தேர்ந்தெடுத்ததும் இந்த ஈரத்தையும் நிழலையும் நம்பித்தான். இன்றும் மங்குஸ்தான் மரம் இங்கே காய்க்கிறது. பாளையங்கோட்டையில் வைத்தால் காய்க்காது. மரத்துக்குப் பொருந்தும் இந்த உண்மை தொட்டிச் செடிக்கும் பொருந்தும்.

அதே காற்று கிழக்கே செல்லச் செல்ல ஈரத்தை இழந்துவிடுகிறது. சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கம் ஆடி மாதத்தில் வீசுவது வறண்ட காற்று. அங்கே ஜன்னலைத் திறந்து வைத்தால், மெல்லிய இலையுள்ள செடியிலிருந்து காற்று ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். வேர் எவ்வளவு நீர் எடுத்தாலும் ஈடு கொடுக்க முடியாது. ஆகவே குற்றாலத்துச் செடி கோவில்பட்டிக்குச் செல்லும்போது வெயில், காற்று என்ற இரு பகைகளைச் சந்திக்கிறது.

செங்கோட்டையிலேயே இருக்கும் செடிக்குச் சாரல் மாதங்களில் தொல்லை இல்லை. வானம் மூடியிருப்பதால் ஜன்னலோரத்திலும் அது தாங்கிக்கொள்கிறது. ஆவணி பாதிக்கு மேல் மேகம் விலகும்; சூரியனோ அப்போது ஏறத்தாழ உச்சியில் நிற்கும். வடகிழக்குப் பருவமழை பிடிக்கும்வரை உள்ள அந்த ஐந்தாறு வாரங்களின் வெயில்தான் பல செடிகளைச் சாகடிக்கிறது. சாரல் காலத்தில் ஜன்னலருகே வைத்த நிழற்செடிகளை ஆவணி பிறந்ததும் உட்புறம் தள்ளி வைத்துவிட வேண்டும்.

ஜன்னல் எந்தத் திசையில் உள்ளது?

வீட்டுச் செடிகளைப் பற்றிய ஆங்கிலப் புத்தகங்கள் பலவற்றில், தெற்கு ஜன்னல் வெயில் ஜன்னல் என்றும் வடக்கு ஜன்னல் நிழல் ஜன்னல் என்றும் எழுதியிருக்கும். இதை அப்படியே எடுத்துக்கொள்வது சரியன்று. அவை குளிர் நாடுகளுக்காக எழுதப்பட்டவை. லண்டன் நகரம் 51 பாகைக்கும் வடக்கே உள்ளது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தென்புறத்தில்தான் இருக்கும்; டிசம்பர் மாதக் கடைசியில் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரமே ஏறும்.

செங்கோட்டை ஏறத்தாழ 9 பாகை வடக்கில் உள்ளது. சித்திரை பிறப்பதை ஒட்டி, ஏப்ரல் 13, 14 தேதிகளில், சூரியன் இவ்வூருக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அன்று கடிகாரப்படி சுமார் 12.20 மணிக்கு, முற்றத்தில் நட்ட கம்பின் நிழல் கம்பின் அடியிலேயே ஒடுங்கிவிடும். அதன் பின்னர் ஆகஸ்டு கடைசி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே இருக்கிறது. ஆவணி நடுவில் மீண்டும் உச்சிக்கு வந்து, தெற்கே சாயத் தொடங்குகிறது. ஆக, ஆண்டில் நான்கரை மாதம் வடக்கு ஜன்னலுக்கும், மீதி ஏழரை மாதம் தெற்கு ஜன்னலுக்கும் வெயில் பங்கிடப்படுகிறது.

இதில் சன்ஷேடுக்கும் ஒரு பங்கு உண்டு. ஜூன் மாதக் கடைசியில் நண்பகல் சூரியன் வடபுறம் 75 பாகை உயரத்தில் நிற்பதால், இரண்டடி நீண்ட சன்ஷேடு தனக்குக் கீழே ஏழடிக்கும் அதிகமாக நிழல் தருகிறது. ஆதலால் வடக்கு ஜன்னலுக்குள் நண்பகல் வெயில் வராது. காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் இளவெயில் மட்டுமே வரும். டிசம்பரில் தெற்கே சூரியனின் உயரம் 57 பாகைதான். அதே சன்ஷேடின் நிழல் அப்போது மூன்றடிக்குமேல் இறங்காது. நான்கடி ஜன்னலில் கீழ்ப்பகுதி ஓரடி உயரத்துக்கு நண்பகலிலும் வெயில் படும். செடியை வைக்கும் இடமும் அதுதானே!

கிழக்கு ஜன்னலுக்கு ஆண்டு முழுவதும் காலை வெயில் உண்டு. இதுவே செடி வளர்ப்புக்கு எல்லாவற்றிலும் உகந்தது. இரவுக் குளிர்ச்சி முழுதும் நீங்காத நேரத்தில் வரும் வெயில் இலையைச் சுடுவதில்லை. மேற்கு ஜன்னல் அப்படியன்று. பகலெல்லாம் காய்ந்த சுவரின் சூட்டோடு பிற்பகல் வெயிலும் சேரும்போது, மூடிய கண்ணாடிக்குப் பின்னால் உள்ள இலை வெந்துபோகும். ஆனால் செங்கோட்டைக்கு ஒரு நன்மை உண்டு. மேற்கே மலை நிற்பதால் கதிரவன் மற்ற ஊர்களைவிடச் சீக்கிரமே மறைந்துவிடுகிறான். மலையை ஒட்டிய புளியரைப் பக்கத்தில் மாலை வெயில் இன்னும் குறைவு. கிழக்கே செல்லும்தோறும் இந்தச் சலுகை இல்லை.

கைநிழல் சோதனை

மனிதக் கண் வெளிச்சத்தை அளப்பதில் நம்பத்தக்கதன்று. வெளிச்சம் குறைந்தால் கண்ணின் பாவை விரிந்து சரிக்கட்டிவிடும். ஆதலால் அறை நன்கு வெளிச்சமாக இருப்பதாகவே தோன்றும். வெட்ட வெளியில் கோடை நண்பகலில் ஒளியின் அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். ஜன்னலிலிருந்து பத்தடி உள்ளே சென்றால் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். ‘வெளிச்சமான அறை’ என்று பெயர் பெற்ற அறையிலும், ஜன்னலை ஒட்டிய இரண்டு மூன்றடிகளே செடியின் கணக்கில் வெளிச்சமான இடம்.

இதை அறியக் கருவி ஏதும் தேவையில்லை. செடி வைக்க எண்ணும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, நண்பகலில் ஓரடி உயரத்தில் கையை நீட்டிப் பார்க்க வேண்டும். விரல்கள் தனித்தனியே தெரியும்படி கூர்மையான நிழல் விழுந்தால் அது நேர் வெயில். நிழல் விழுந்து ஓரங்கள் மங்கலாக இருந்தால் நடுத்தர ஒளி. நிழலே தெரியாவிட்டால் அங்கு எந்தச் செடியும் நெடுநாள் வாழாது. இச்சோதனையைக் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும், தையில் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை செய்து, எத்தனை மணி நேரம் கூர்மையான நிழல் விழுகிறது என்று நாட்காட்டியில் குறித்துவைப்பது நலம். இரண்டு மணிக்குக் குறைவாக இருந்தால் ஒருவகைச் செடி. நான்கு மணிக்கு மேல் இருந்தால் வேறு வகைச் செடி.

நேர் வெயிலைத் தாங்குபவை

மேலை நாட்டார் கண்ணாடி அறைக்குள் வைத்துக் கொஞ்சி வளர்க்கும் பல செடிகள் நம் ஊரில் வேலியோரத்தில் கேட்பாரற்று நிற்பவையாகும். நான்கு மணிக்கு மேல் வெயில் விழும் அறைக்கு இவற்றைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம். விலை மலிவு, பல சமயம் அண்டை வீட்டில் ஒரு கிளை கேட்டு வாங்கினாலே போதும்.

மருள் இவற்றுள் முதலாவது. வாள் போன்ற தடித்த இலைகளும் அவற்றில் குறுக்குக் கோடுகளும் உடைய இது, நார் எடுப்பதற்காகவும் நம் நாட்டில் பயன்பட்டு வந்துள்ளது. கடைகளில் பாம்புச் செடி என்று விற்கப்படுவது இதன் ஆப்பிரிக்க உறவு. மேற்கு ஜன்னல் வெயிலையும் தாங்கும். அறையின் மங்கிய மூலையையும் பொறுத்துக்கொள்ளும். பதினைந்து நாள் நீர் ஊற்றாவிட்டாலும் வாடாது. நீர் மிகுந்தால்தான் அழுகும்.

சோற்றுக் கற்றாழையும் ரணகள்ளியும் அடுத்து வருபவை. ரணகள்ளியின் இலையைக் கிள்ளி நூலில் கட்டித் தொங்கவிட்டாலும் அதன் ஓரப் பற்களிலிருந்து குட்டிச் செடிகள் முளைக்கும். ‘கட்டிப்போட்டால் குட்டி போடும்’ என்று சிறுவர்கள் அழைப்பது இதைத்தான். இச்செடியைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. ஆங்கிலக் கம்பெனியில் தாவரவியலாராகத் தென்னிந்தியாவில் பணிபுரிந்த பெஞ்சமின் ஹெய்ன் என்பவர், இதன் இலை விடியற்காலையில் புளிப்பதையும் நண்பகலில் புளிப்பு நீங்குவதையும் கவனித்து எழுதினார். அது 1815-இல் லண்டனில் வெளியாயிற்று. காரணம் பின்னாளில் விளங்கியது. கள்ளி, கற்றாழை, ரணகள்ளி போன்ற சதைப்பற்றுள்ள செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு நீரைச் சேமிக்கின்றன. இரவில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உட்கொண்டு, அமிலமாக மாற்றி வைத்துக்கொள்கின்றன. விடிந்ததும் ஒளியின் உதவியால் அந்த அமிலத்தைச் செலவிட்டு உணவு தயாரிக்கின்றன. காய்ந்த அறையில் இவை வாழும் இரகசியம் இதுவே. ஹெய்ன் செய்ததுபோல் யாரும் சுவைத்துப் பார்க்க வேண்டாம். ரணகள்ளியில் இதயத்தைத் தாக்கும் நச்சுப் பொருள் உண்டு; ஆடுமாடுகள் தின்றாலும் கேடு.

பூ வேண்டுவோர்க்கு நித்தியகல்யாணி, பத்து மணிப் பூ, அடீனியம், கிறிஸ்துமுள் ஆகியவை ஏற்றவை. நித்தியகல்யாணியைச் சுடுகாட்டுச் செடி என்று சிலர் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து இச்செடியிலிருந்துதான் கிடைக்கிறது. நெல்லைச் சீமையின் வானம் பார்த்த நிலங்களில் பயிராகவே சாகுபடி செய்யப்பட்டு ஏற்றுமதியான செடி இது. தெற்கு ஜன்னலில் வைத்தால் ஐப்பசி முதல் மாசி வரை பூத்துக்கொண்டே இருக்கும். நுனி கிள்ளிவிட்டால் புதராகும். விட்டுவிட்டால் நெட்டையாகி அழகு கெடும்.

பத்து மணிப் பூ வெயில் ஏறிய பிறகே இதழ் விரிக்கும். மூட்டமான நாளில் மொட்டாகவே இருந்துவிடும். ஓர் அறையில் இது தினமும் நன்றாக மலர்கிறது என்றால், அவ்விடத்தில் வெயிலுக்குக் குறைவில்லை என்று தாராளமாக முடிவு கட்டலாம். செங்கோட்டையில் சாரல் மாதங்களில் இது சோர்ந்துவிடும், தண்டும் அழுகும். அப்போது நான்கு நுனிகளைக் கிள்ளி வேறு தொட்டியில் நட்டு, மழை படாத இடத்தில் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அடீனியமும் அவ்வாறே. அதன் பருத்த அடித்தண்டு நீர்ச் சேமிப்புக் கிடங்கு. மேற்கு ஜன்னலில் சாரல் அடித்து மண் ஓயாமல் நனைந்தால் அது கொழகொழவென்று அழுகிவிடும். பாலைவனத்துச் செடிக்குச் செங்கோட்டை வெயில் ஒரு பொருட்டன்று, செங்கோட்டைச் சாரல்தான் எமன்.

இலையழகுக்குக் குரோட்டன்ஸுக்கு இணை வேறில்லை. வெயில் இருந்தால்தான் அதன் மஞ்சளும் சிவப்பும் தெளியும். நிழலில் வைத்தால் புதிய இலைகள் வெறும் பச்சையாக வரும். இடம் மாற்றினால் இலை கொட்டும் குணம் இதற்கு உண்டு. கொட்டியதைக் கண்டு பதறி மறுபடியும் இடம் மாற்றுவது மேலும் கெடுதல். ஒரே இடத்தில் இரண்டு மாதம் விட்டுவைத்தால் தானே துளிர்க்கும்.

காலை வெயில் மட்டும் வரும் கிழக்கு அறை என்றால் தேர்வு இன்னும் விரிகிறது. கோலியஸ், ஸ்பைடர் செடி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் இங்கே நன்றாக வரும். சளிக்குக் கைமருந்தாகும் கற்பூரவல்லியை அடுக்களை ஜன்னலில் வைப்பதைவிடப் பயனுள்ள வீட்டுச் செடி வேறு இருக்க முடியாது. கோலியஸின் வண்ணம் கடும் வெயிலில் வெளுத்துவிடும். காலை வெயிலில் மிளிரும்.

துளசியை அறைக்குள் வைத்து வளர்க்க முயல்வோர் பெரும்பாலும் ஏமாற்றமடைகின்றனர். அதற்கு நாள்தோறும் நாலைந்து மணி நேரமாவது நேர் வெயில் தேவை. முன்னோர் துளசி மாடத்தை முற்றத்தின் நடுவே கட்டியது பக்தியால் மட்டும் என்று எண்ண வேண்டாம். வீட்டுக்குள் உச்சி வெயில் விழும் ஒரே இடம் அதுதான். முற்றம் இல்லாத வீடுகளில் மட்டப்பாவில் வைப்பதே சரி.

நிழற்செடியும் வேண்டும் என்றால்

குற்றாலத்துச் செடிமேல் ஆசை விடவில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. மணிபிளாண்ட், ஆந்தூரியம், பெரணி, பிலோடென்ட்ரான் முதலியன அடர்ந்த காட்டில் பெரிய மரங்களின் அடியில் வளரும் இனத்தவை. இவற்றின் இலை அகன்று, மெல்லியதாக, குறைந்த ஒளியையும் வீணாக்காமல் பிடிக்கும்படி அமைந்தது. அளவுக்கு மீறி ஒளி விழும்போது அதைச் செலவழிக்க இலையால் முடிவதில்லை. பச்சையம் சிதைந்து இலை வெளிறுகிறது. வெந்த இலை மீண்டும் பச்சையாவதில்லை. புதிய ஒளிக்கு ஏற்ற புதிய இலை வந்தால்தான் உண்டு.

ஆகவே செடியை வாங்கி வந்த முதல் பத்து நாட்கள் ஜன்னலிலிருந்து ஆறடி தள்ளி வைக்க வேண்டும். பிறகு நாலைந்து நாளுக்கு ஓரடியாக முன்னே நகர்த்தி, மங்கலான நிழல் விழும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போகக்கூடாது. ஜன்னலோரம்தான் வேண்டும் என்றால் ஒரு பழைய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டலாம். வெயில் வடிகட்டப்பட்டு வரும். வெயில் தாங்கும் குரோட்டன்ஸ் தொட்டிகளை முன்வரிசையிலும் நிழற்செடிகளை அவற்றின் பின்னாலும் வைப்பது மற்றொரு முறை, பார்வைக்கும் அழகு.

பழைய ஓட்டு வீடுகளில் தார்சாவுக்கோ அடுக்களைக்கோ வெளிச்சம் வர ஒன்றிரண்டு கண்ணாடி ஓடுகள் வேய்ந்திருப்பார்கள். அதன் வழியே விழும் வெயில் வட்டம் தரையில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஓர் இலைமேல் சில நிமிடமே தங்கும். காட்டில் மரக்கிளை இடுக்கு வழியாக விழும் வெயிலும் இப்படிப்பட்டதுதான். நிழற்செடிகளுக்குக் கான்கிரீட் வீட்டின் பெரிய ஜன்னலைவிட இந்தக் கண்ணாடி ஓடு உகந்தது.

இலையைப் பார்த்தே கோளாற்றை அறியலாம். ஜன்னலை நோக்கிய பக்கத்தில் மட்டும் வெளிறிய திட்டு விழுந்து பழுப்பானால் அது வெயில் சூடு. அடியிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சளித்து, மண்ணும் ஈரமாக இருந்தால் நீர் மிகுதி. நுனி மட்டும் கருகினால் வறண்ட காற்று அல்லது உப்பு நீர். தண்டு நீண்டு, கணுக்கள் விலகி, செடி ஜன்னல் பக்கம் சாய்ந்தால் ஒளி போதவில்லை. பலரும் இவை அனைத்துக்கும் ஒரே மருந்தாகத் தண்ணீரை ஊற்றுகின்றனர்.

மண்ணும் நீரும்

செம்மண், மணல், நன்கு மட்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு கலந்த கலவை பொதுவாகப் போதும். கள்ளி, கற்றாழை, அடீனியம் ஆகியவற்றுக்கு மணல் இரு பங்கு. தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால் இரண்டு மூன்று தடவை நீரில் அலசி உப்பை நீக்கிய பிறகே சேர்க்க வேண்டும். வெயில் அறைக்கு மண் தொட்டியே நல்லது. நுண்துளைகள் வழியே நீர் ஆவியாவதால் வேர் குளிர்ந்திருக்கும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி மேற்கு வெயிலில் சூடேறி வேரை வேகவைத்துவிடும்.

நாள் கணக்கு வைத்து நீர் ஊற்றுவது கூடாது. விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வழியும்வரை ஊற்ற வேண்டும். ஈரமிருந்தால் விட்டுவிட வேண்டும். பங்குனியில் தினமும் கேட்கும் செடி, ஆடியில் வாரத்துக்கு ஒருமுறை கேட்டால் அதிகம். உரமாக, நீரில் கரையும் 19:19:19 கலப்பு உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை விடலாம். கடலைப் பிண்ணாக்கு ஊறல் மட்டப்பாச் செடிக்கு நல்லது. அறைக்குள் விட்டால் நாற்றமும் ஈயும் தாங்காது.

காய்ந்த ஜன்னலோரத்தில் மாவுப்பூச்சியும் சிவப்புச் சிலந்தியும் வரும். ஈரத் துணியால் இலையின் இருபுறமும் துடைப்பதிலேயே பெரும்பகுதி போய்விடும். எஞ்சியதற்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். வயலுக்கு வாங்கி வைத்த பூச்சி மருந்தை வீட்டுக்குள் அடிப்பது பெரும் தவறு.

தட்டில் நிற்கும் நீர்

தொட்டிக்கடியில் வைக்கும் தட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. 2012-ஆம் ஆண்டில் கடையநல்லூரிலும் சுற்றுவட்டாரத்திலும் டெங்குக் காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது இப்பகுதி மக்களுக்கு நினைவிருக்கும். அக்காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள் நிற்கும் தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. பூந்தொட்டித் தட்டு அதற்கு மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று. முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். அதன் முட்டைகள் தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கின்றன. எனவே தட்டு நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தேங்காய் நார் கொண்டு விளிம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டில் மணல் நிரப்பி அதன்மேல் தொட்டியை வைத்தால் நீர் தேங்காது. புட்டியில் மணிபிளாண்ட் வளர்ப்போர் வாரந்தோறும் நீரை மாற்றி, புட்டியையும் வேரையும் அலச வேண்டும்.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் டிஃபன்பேக்கியா வேண்டாம். அதன் தண்டிலும் இலையிலும் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் உள்ளன. கடித்தால் நாக்கும் தொண்டையும் வீங்கிப் பேச்சு வராமல் போகலாம். அடீனியம், கிறிஸ்துமுள் ஆகியவற்றின் பாலும் நஞ்சு. கிளை வெட்டிய கையால் கண்ணைத் தொடக்கூடாது. இவற்றைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைப்பது நலம்.

காற்றைச் சுத்தம் செய்யும், இரவிலும் பிராணவாயு தரும் என்றெல்லாம் சொல்லிச் சில செடிகளைக் கூடுதல் விலைக்கு விற்கின்றனர். அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா 1989-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அந்த ஆய்வு காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. இத்தகைய ஆய்வுகள் பலவற்றையும் சேர்த்துப் பார்த்து 2019-இல் வெளியான கணக்கு, சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடிகளாவது வேண்டும் என்கிறது. ஜன்னலைத் திறந்தால் ஆகும் வேலைக்கு இத்தனை தொட்டிகள் எதற்கு? இரவில் செடி மூச்சுவிட்டால் உறங்குவோர்க்குக் கெடுதி என்ற பயமும் அப்படிப்பட்டதே. ஒரு செடி வெளியிடுவது, பக்கத்தில் படுத்திருப்பவர் வெளியிடுவதில் மிகச் சிறு பங்குகூட இராது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சிலவே. செடி நிழல்வலைக்குக் கீழே வளர்ந்ததா, திறந்த வெளியில் வளர்ந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குரோட்டன்ஸானாலும் வலைக்குக் கீழே வளர்ந்தது என்றால் மேற்சொன்னபடி பழக்கியே வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும். பூ நிறைந்த செடியைவிட மொட்டும் துளிரும் உள்ள செடி மேல். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்து, வெள்ளைப் பஞ்சு போல் ஏதும் ஒட்டியிருந்தால் விட்டுவிட வேண்டும். பையின் அடியில் வேர் வெளியே சுருண்டு நீண்டிருந்தால் அது நெடுநாளாக விலைபோகாத செடி. பேருந்திலும் ரயிலிலும் கொண்டுசெல்வோர் ஜன்னலோரக் காற்று படாதவாறு செய்தித்தாளால் தளர்வாகச் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டால், வீடு சேரும்வரை இலை வாடாது.